அம்மா சலித்த சாம்பல்

தம்பி,

இங்கு எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அந்த வரியை மூன்று தாளில் எழுதிப் பார்த்து மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முதல் வரியே பொய்யாக இருந்தால் மீதியை எந்த முகத்தோடு எழுதுவது? இதை நீ கிண்ணம் செய்கிற உன் பட்டறை அறையில் உட்கார்ந்து படிக்கிறாய் என்றால், முதலில் எழுந்து வெளியே போ. தெருவில் நின்றுகொண்டு படித்தாலும் பரவாயில்லை. அப்பனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவைப் பற்றித்தான் பேசுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற கார்த்திகா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாம்பல் சலிக்கிறாள். பழைய துப்பட்டாவை வாளியின் வாயில் கட்டி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து இறக்குகிறாள். மூக்கு நுனியிலும் இமையிலும் பவுடர் அப்பியது மாதிரி வெள்ளை. நீ போனுக்குப் பின்னாலிருந்து, “இன்னும் நைசா, இன்னும் நைசா” என்கிறாய். அவள் சிரிக்கிறாள். நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் எல்லோரும் ஆளுக்கொரு இதயப் படம் போட்டு, பொருத்தமான ஜோடி என்று எழுதியிருந்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக வந்த வெயிலில் தூசி அப்படியே அந்தரத்தில் நின்றது. கீழே இறங்கவே இல்லை. அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

உடனே உனக்குப் போன் போட்டேன். “அந்தப் பொண்ண சலிக்க வேணாம்னு சொல்லுப்பா, அது தூசி” என்றேன். நீ சிரித்தாய். “அப்பா, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்கன்னுதான் ஜன்னலச் சாத்தி வச்சிருக்கோம். அம்மா அஞ்சு வருஷம் சலிச்சாங்களே, சாம்பலால அவங்களுக்கு என்னப்பா ஆச்சு? பாவம், டிபி வந்துதான இப்படி ஆனாங்க” என்றாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை. நீ கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இந்தப் பதில் உங்களிடம் வந்து சேர்ந்தாக வேண்டும்.

புயல் அடித்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். சுற்றுப்பட்டு ஊர்களில் முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. பவர் ஹவுஸ் டவுன்ஷிப்பில் மரம் விழாத ரோடே இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நாம் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நம் குவார்ட்டர்ஸ் மதில்மேல் அம்மா வைத்திருந்த பூந்தொட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. உடைந்த ஓடுகளைப் பொறுக்கி எடுத்து வந்து என் முன்னால் கொட்டினாள். “காத்து தூக்க முடியாத தொட்டியா ஒண்ணு செஞ்சி குடுங்களேன், பாப்பம். பெரிய பவர் ஹவுஸ்ல வேலை செய்யிறேன்னு பீத்திக்கிறீங்க இல்ல” என்றாள். மதில் பூசியது போக அரை மூட்டை சிமெண்ட் மீந்திருந்தது. பிளாஸ்டிக் டப்புக்குள் எண்ணெய் தடவி, கலவையைக் கொட்டி, நடுவே சின்ன டப்பை அமுக்கி வைத்தேன். மறுநாள் கவிழ்த்தால் பாதி டப்பிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இலைக் கிண்ணம் அவளுடைய மூளையில் உதித்தது. அதை நீ நன்றாகத் தெரிந்துகொள், ஏனென்றால் நெட்டில் உன் கடைப் பக்கத்தில் ‘அப்பாவிடம் கற்றது’ என்று போட்டிருக்கிறாய். பின்பக்கம் குளியல் தண்ணீர் போகிற இடத்தில் சேப்பங்கிழங்கு இலை முறம் முறமாக நிற்கும். ஈர மணலைக் குவித்து, அதன்மேல் ஒரு இலையை நரம்புப் பக்கம் மேலே தெரியும்படி விரித்து, கலவையை அடை தட்டுகிற மாதிரி தட்டி மூடினாள். இரண்டு நாள் ஈரச் சாக்குக்குள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி இலையை உரித்தாள். கிண்ணத்துக்குள் இலை அப்படியே இருந்தது. ஆனால் நரம்பெல்லாம் மொத்தையாக, மணல் மணலாகத் தெரிந்தது. அவளுக்குத் திருப்தியில்லை. “என் உள்ளங்கையில ரேகை இருக்குதே, அந்த மாரி வரணும்” என்றாள். அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். சிமெண்டில் பாதியைக் குறைத்துவிட்டு, பவர் ஹவுஸில் நிலக்கரி எரிந்து வருகிற சாம்பலைப் போடலாம், பால் மாதிரி வழவழப்பாக வரும் என்றேன். சாம்பலைப் பற்றி எனக்குத் தெரியாததா? என் வேலையே அதுதானே.

குறிஞ்சிப்பாடி ரோட்டில் அந்தச் சாம்பலில் செங்கல் அறுக்கும் பட்டறையில் தெரிந்தவர் இருந்தார். கேட்டால் ஒரு மூட்டை தூக்கிப் போடுவார். அதில் குருணையும் கட்டியும் கிடக்கும். மாவுச் சல்லடையில் சலித்தோம், போதவில்லை. அம்மா தன்னுடைய பழைய வாயல் புடவையை இரண்டாக மடித்து அண்டாவின் வாயில் கட்டினாள். அதில் இறங்கிய சாம்பலைத் தொட்டால் தொட்டதே தெரியாது. கையிலிருந்து ஊதினால் எங்கே போனது என்றே தெரியாது. அந்தச் சாம்பலில் செய்த முதல் கிண்ணத்தில் இலையின் மயிரிழை நரம்புகூட விழுந்திருந்தது. காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டு விளிம்பைத் தேய்த்து, அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி அவ்வளவு வருஷத்தில் அவளை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் பார்த்ததில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவளை நான் வற்புறுத்திச் செய்ய வைத்ததாக நீ நினைத்துக்கொள்வாய். அப்படியானால் எனக்குக்கூடக் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு ஒன்று கொடுத்தோம். வாசலில் தண்ணீர் ஊற்றிச் சாமந்தியும் ரோஜாவும் மிதக்க விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று பிளாக் தள்ளியெல்லாம் ஆள் வந்தது. “இங்க கிண்ணக்காரம்மா வீடு எது?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அதுவரை அவளை எல்லோரும் என் பெயரைச் சொல்லி, அவர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்குப் போன குடும்பத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தை ஐந்தோடு விட்டவள். காரில் வந்து இறங்குகிற பெண்கள் அவளைப் பெயர் கேட்டுத் தேடி வந்தார்கள். உனக்கு ஆர்டர் வரும்போது உன் முகம் மலர்கிறதே, அது யாரிடமிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

எதிர் வீட்டம்மா ஒரு நாள் வந்து, கொடியில் காய்கிற துணியெல்லாம் வெள்ளையாகிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார். நியாயம்தான். அதனால் நான் பின்பக்க வராந்தாவின் கம்பிக் கதவு முழுக்கத் தார்ப்பாய் அடித்துக் கொடுத்தேன். ஒரு ஓட்டை இல்லாமல், நாலு பக்கமும் ஆணி அறைந்து. அடுத்தவர் துணிமேல் தூசி படக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை. உள்ளே அவள் உட்கார்ந்து சலிப்பாள். வெக்கை தாங்காமல் டேபிள் ஃபேன் ஒன்று வைத்துக்கொண்டாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பவர் ஹவுஸில் சாம்பல் பிரிவில் எத்தனை வருஷம் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். முதலில் கான்ட்ராக்ட், பிறகுதான் பர்மனென்ட். அங்கே மாஸ்க் இல்லாமல் உள்ளே ஒரு அடி வைக்க விடமாட்டார்கள். விடாதவர்களில் நானும் ஒருவன். புதிதாக வருகிற கான்ட்ராக்ட் ஆட்கள் மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றால் கெட்ட வார்த்தையிலேயே திட்டுவேன். சேஃப்டி வாரத்தில் தூசியின் தீமைகள் பற்றி மேடையேறிப் பேசினேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடும், தெரியாத தூசிதான் ஆளைக் கொல்லும் என்று சொன்னேன். கைதட்டினார்கள். எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு. அதைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், தார்ப்பாய்க்குள்ளிருந்து உன் அம்மா இருமுகிறாள். “பிரைஸா? எங்க, காட்டுங்க” என்று புருவமெல்லாம் வெள்ளையாக வெளியே வந்தாள். நான் சிரித்தேன். கிழவி மாதிரி இருக்கிறாய் என்று கேலி பண்ணினேன்.

எனக்கு அப்போது உறைக்கவே இல்லை என்று சொன்னால் நீ நம்புவாயா? நானே என்னை நம்ப மறுக்கிறேன். ஆனால் அதுதான் நடந்தது. மாஸ்க் என்பது டியூட்டியோடு சேர்ந்தது. ஹெல்மெட், ஷூ மாதிரி. ஷிப்ட் முடிந்தால் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவோம். அங்கே இருப்பது பிளான்ட் சாம்பல். வீட்டில் இருப்பது நம் சாம்பல், சும்மா கிடைத்தது, பொம்பளைகள் உட்கார்ந்து சலிக்கிறது. அரிசி புடைக்கிற மாதிரி, மாவு சலிக்கிற மாதிரி. ஒரே புகைக்கூண்டிலிருந்து வந்த இரண்டு சாம்பலும் ஒன்றுதான் என்று அத்தனை வருஷ சர்வீஸ் உள்ள எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் இப்போது தோன்றவில்லை பார்.

முதலில் வறட்டு இருமல். டவுன்ஷிப்பில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்று விட்டுவிட்டோம். பிறகு அவள் மாடிப்படியில் நடுவில் நிற்க ஆரம்பித்தாள். யாரையோ பார்க்கிற மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “என்னம்மே?” என்றால் “ஒண்ணுமில்ல, போங்க” என்பாள். மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிற குரல் அவளுடையது, அது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டு மதிலில் கரண்டியால் தட்ட ஆரம்பித்தாள். வளையல் தொளதொளவென்று ஆனது. நீ லீவில் வந்தபோது, “அம்மா ஸ்லிம் ஆயிட்டாங்க” என்றாய். அவளுக்குப் பெருமை. நானும் சேர்ந்து சிரித்தேன். இந்தக் கடிதத்தில் நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன் என்று பார்.

எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார், அவளிடம் இல்லை. “அம்மா என்ன வேலை பாக்கறாங்க?”

“வேலை எதுவும் இல்ல சார். வூட்லதான் இருக்காங்க.”

“விறகடுப்பா?”

“கேஸ் சார்.”

“கல்லு, மண்ணு, சிமெண்ட், மில்லு... இந்த மாதிரி தூசியில எங்கயாவது இருந்திருக்காங்களா?”

தம்பி, முதல் கேள்விக்கு நான் யோசிக்காமல் சொன்ன பதில், அதை என் அறியாமை என்று வைத்துக்கொள். சிமெண்ட் என்று அவர் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது. தார்ப்பாய், ஃபேன், வாயல் புடவை எல்லாம் கண் முன்னால் வந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் வந்தது. குவார்ட்டர்ஸில் தொழில் நடத்தக் கூடாது. யாராவது ஒரு பெட்டிஷன் தட்டிவிட்டால் ரிட்டயர்மென்ட் நேரத்தில் விசாரணை, தலைக்குனிவு. சேஃப்டி மேடையில் பேசியவன் பொண்டாட்டிக்கு இப்படி என்று கேண்டீனில் பேசுவார்கள். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான், “இல்ல சார்” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். அந்த டாக்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், நான் சொன்னதை வைத்து டிபி மாத்திரை கொடுத்தார்.

ஆறு மாதம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஒன்றுக்குப் போனால் செக்கச் செவேல் என்று போவதைப் பார்த்து அவளே பயந்துபோனாள். இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு மாதமும் அவள் சலிப்பதை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கல்யாண சீசன், நிறையக் கிண்ணம் கேட்டிருந்தார்கள். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள் என்று மட்டும் சொன்னேன். டாக்டரே டிபி என்று எழுதிவிட்டார், அப்படியானால் சாம்பலாக இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் சொன்ன பொய்யை அவர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அதை நானே நம்ப ஆரம்பித்தேன்.

பிறகு பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பெரிய டாக்டரிடம், அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தனியாக உள்ளே போய் எல்லாவற்றையும் கக்கினேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. “உள்ள போன தூசி வெளிய வராதுங்க. இப்ப நிறுத்தினாலும் அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். இருக்கற நுரையீரல வச்சு ஓட்டணும்” என்றார். வெளியே வந்தேன். “இன்னா சொன்னாரு?” என்றாள். “பழைய டிபி தழும்பாம்” என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன். நம் சம்பந்தி வீட்டில் கேட்டபோது டிபி என்றால் பயப்படுவார்கள் என்று வீசிங் என்றேன். ஒரு நோய்க்கு மூன்று இடத்தில் இரண்டு பொய்ப் பெயர் வைத்திருக்கிறேன். ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்த வீட்டுக்கு வந்ததைச் சாக்காக வைத்து, இடம் போதாது என்று சொல்லிக் கிண்ணத்தையும் நிறுத்தினேன்.

வருஷா வருஷம் கம்பெனி எடுத்த என் எக்ஸ்ரே எல்லாம் பீரோவில் இருக்கின்றன. எல்லாம் சுத்தம். காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. திரும்பி வந்து பார்த்தால், பல் தேய்த்துவிட்டு நாற்காலிக்கு வருவதற்குள் அவளுக்கு இரண்டு இடத்தில் நின்று வர வேண்டியிருக்கிறது. படுத்துத் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் கொர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் எனக்கு உயிரே போய்விடும். சிலிண்டரைத் திருப்புவதற்குள் அவள் உதடு நிறம் மாறுவதை நீ பார்த்ததில்லை. நீ வருகிற நாட்களில் அவள் பவுடர் போட்டு, தலை சீவி, மெஷினைத் திரைக்குப் பின்னால் தள்ளச் சொல்கிறாள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அப்பா சொல்கிறேன் என்று கேட்காவிட்டாலும் சாம்பல் பிரிவில் வேலை பார்த்தவன் சொல்கிறேன் என்று கேள். உலர்ந்த சாம்பலை யாரும் சலிக்கக் கூடாது. கட்டி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, அடியில் நிற்கிற குருணையை விட்டுவிடு. மெஷின் போட்டுத் தேய்க்கிறாயே, அதைத் தண்ணீர் விட்டுக்கொண்டேதான் தேய்க்க வேண்டும், சாம்பலைவிட அந்தத் தேய்த்த தூசி பொல்லாதது. விளக்குமாறு எடுக்காதே, ஈரத்துணியால் துடை. கைக்குட்டை, துப்பட்டா, முந்தானை எதுவும் அதைத் தடுக்காது. சரியான மாஸ்க் எது என்று கேட்டு வாங்கு. அந்த அறையைக் காலி பண்ணிவிட்டுத் திறந்த வெளியில் ஷெட் போடு. முடியவில்லையா, தொழிலையே விடு. நைசாக வரவில்லை என்று எவன் வாங்காமல் போனாலும் போகட்டும். நீயும் போய் ஒரு எக்ஸ்ரே எடு. டாக்டர் என்ன வேலை என்று கேட்டால் ஒன்றுவிடாமல் சொல். அவளிடம் கேட்கிற கேள்விக்கு நீ பதில் சொல்லாதே. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது அவளுக்காக வாயைத் திறக்காதே.

இந்த இடம் வரைக்கும் நேற்று மத்தியானம் எழுதிவிட்டேன். அம்மா நாற்காலியிலிருந்து, “மூணு நாளா இன்னா எழுதிக்கினே இருக்கீங்க? உயிலா?” என்றாள். நான் பேனாவை மூடி வைத்தேன். உனக்கு எழுதியதை அவளுக்குச் சொல்லாமல் தபாலில் போட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்து, முதலிலிருந்து படித்தேன். டாக்டர் கேட்ட இடம் வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டேன்.

“இன்னா நிறுத்திட்டீங்க? படிங்க” என்றாள். நான் நிமிரவில்லை. மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவளே விட்டு விட்டுப் பேசினாள். “நானும் அங்கதான உக்காந்துக்கினு இருந்தேன். எனக்கு இன்னா காது செவுடா? சிமெண்ட்டான்னு அவர் கேட்டாரு. நீங்க சொல்லுவீங்கன்னு உங்க வாயையே பாத்தேன். இல்லன்னிட்டீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “சாம்பலுதான்னு எனக்கு எப்பவோ தெரியும். மூட்டையப் பிரிச்சா நெஞ்சு அடைக்கும். நாலு நாள் வுட்டா கொஞ்சம் வுடும். இதுக்கு டாக்டர் வேற சொல்லணுமா?”

“தெரிஞ்சும் ஏம்மே செஞ்ச?” என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

“சொன்னா நிறுத்திப்புடுவீங்க. அப்புறம் நான் யாரு? அது ஒண்ணுதான் என் கையால ஆச்சு.” நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் அழவில்லை. “சாவப்போறேன்னு எனக்கு வருத்தம் இல்லங்க. வேலை எதுவும் இல்லன்னு சொன்னீங்களே, அதான். அஞ்சி வருஷமா குந்திக்கினு சலிச்சேன். அத ஒரு வேலைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரல.”

காலைப் பிடித்துக்கொண்டேன். “எழுந்திரிங்க, பாக்கிறவங்க சிரிப்பாங்க” என்றாள். சாயங்காலம் காபி கொடுத்தபோது அவளே திரும்பவும் பேச்சை எடுத்தாள். “அந்தக் கடுதாசிய யாருக்குப் போடப் போறீங்க?” என்றாள். உன் பெயரைச் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “அவனுக்குப் போட்டா படிப்பான், ரெண்டு நாள் மூஞ்சத் தொங்கப் போட்டுக்குவான், மூணாம் நாளு ஆர்டர் இருக்குதுன்னு அந்தப் பொண்ண உக்கார வச்சிடுவான். அவன் உங்க புள்ள. என் புள்ளையும்தான். அந்தப் பொண்ணுக்குப் போடுங்க. நெஞ்சு அவளுதுதான?”

அதனால் தம்பி, எழுதியதை மாற்றவில்லை. இது உனக்கு எழுதியதுதான். ஆனால் உறையின்மேல் கார்த்திகாவின் பெயரை எழுதி, அவளுடைய அப்பா வீட்டு விலாசம் போட்டு, இன்று காலையில் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். வீசிங் என்று நான் சொன்ன பொய்யோடு, உன் அம்மாவுக்கு வந்த நோயின் உண்மையான காரணத்தோடு, மாமனாராகப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்பதோடு சேர்த்து, முதலில் அவள் படிக்கட்டும். பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தால் நிறுத்திவை. அவள் தேதியைத் தள்ளச் சொன்னால் தள்ளு. வேண்டாம் என்றால் அவள் காலில் விழுந்து கெஞ்சாதே, நாங்களும் வந்து கெஞ்ச மாட்டோம். இந்தத் தாள்களை அவளே உன் கையில் கொண்டுவந்து கொடுத்தால், அவள் எதிரிலேயே அந்த ஜன்னலைத் திற. அவள் வராமல் தபால்காரர் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தால், அவளுக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்காதே. இந்த ஒரு தடவை நாங்கள் அவளிடம்தான் கேட்டோம். அவள் பதில் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

இப்படிக்கு,
உன் அப்பா